ஏழு ராத்திரி விரிப்பு

— ஜமக்காளம் வைத்தியம் பாக்குத காலமாம்மா இது? ஒரு வாரம் மெத்தையில விரிச்சுப் படுத்தாச்சு. வேன் ஓட்டலாம்னு பள்ளிக்கூடத்துக்காரன் கேட்ட சீட்டக் குடு ஜெபமலரு, வேன எடுக்கணும்.

— சீட்டு டாக்டர்தான் குடுப்பாங்க, உச்சிமாகாளி அண்ணாச்சி. அது ஜமக்காளம் இல்ல, சென்சார் வச்ச விரிப்பு. உறக்கத்துல மூச்சு பத்து செகண்டுக்கு மேல எத்தன தடவ நிக்குதுன்னு எண்ணும்.

— மூச்சு நின்னா மனுசன் செத்துல்லா போவான்! நான் என்ன தெனமும் செத்துச் செத்தா முழிக்கேன்?

— ஒவ்வொரு தடவையும் மூளை பதறி எழுப்பிரும். உங்களுக்கே தெரியாது. மறுநாள் ஸ்டியரிங்கப் பிடிச்சா கண்ணு சொருகும்.

— எனக்கா சொருகுது? ஏட்டி செல்வி, கேட்டியா கூத்த?

— கேட்டேன், கேட்டேன். சுந்தரபாண்டியபுரத்துல பதினாலு பிள்ளைகளோட சூரியகாந்திக்குள்ள வேன விட்டது வேற யாரோ போல.

— சவத்த, நடு ரோட்டுல செல்ஃபி எடுத்துட்டு நின்னவனுக்கு ஒதுங்கினேம்ட்டி!

— அவன் பொறவுல்லா வந்தான். வயலுக்குள்ள நின்ன வேனப் படம் பிடிக்க.

— புருசன விட்டுக் குடுக்கதுக்குன்னே கூட வந்திருக்கா! குற்றாலத்துல அருவிக்கு அடியில ஒரு மணி நேரம் தலையக் குடுத்தா எல்லாம் சரியாயிரும். அதுக்கு ஒரு மிஷினாம்!

— அண்ணாச்சி, ரிப்போர்ட் வந்துட்டு. ஞாயித்துக்கிழம மணிக்கு மூணு தடவ. திங்கக்கிழம நாலு. இது யாருக்கும் உள்ளதுதான்.

— பாத்தியா? நான் சொன்னேம்லா!

— ஆனா செவ்வாக்கிழம மட்டும் மணிக்கு நாப்பத்தொண்ணு. ஒரு தடவ ஒரு நிமிசத்துக்கு மேல நின்னிருக்கு. புதன்கிழமையில இருந்து திரும்பவும் மூணு, நாலுதான்.

— ஆறு நாள் ஒழுங்காச் சொன்ன சாமானுக்கு ஒரு நாள் கோட்டி பிடிச்சிட்டு. சீக்கு எனக்கில்லம்மா, ஒங்க விரிப்புக்கு!

— அன்னைக்குக் குடிச்சீங்களா அண்ணாச்சி?

— பிள்ளைகள ஏத்துதவன்ட்ட கேக்குத கேள்வியா இது? ரசஞ்சோறு தின்னுட்டுப் படுத்தேன்.

— அக்கா, நீங்க சொல்லுங்க. செவ்வாக்கிழம என்ன வித்தியாசம்?

— நான் வீட்டுல இல்ல, சிஸ்டர். வடகரையில தங்கச்சி வீட்டுல தங்கிட்டேன். மத்த நாளுன்னா, குறட்ட நின்ன உடனே இவுகளப் பிடிச்சு உலுக்கி விட்டுருவேன்.

— ராத்திரி பூராவுமா? எத்தன நாளா, அக்கா?

— நாலு வருசமா. நான் அசந்து உறங்கிட்டா, காலையில இவுக எந்திரிக்க மாட்டாகளோன்னு பயம்.