ரோலர் பக்கத்தில் நின்று படித்தவள்

நான் சத்தம் போட்டுப் பேசுகிற ஆள் இல்லை. தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தை உருட்டி நசுக்கும் ரோலர் அறையில் வேலை செய்கிறவர்கள் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார்கள். எங்கள் லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய இந்த வரிசையில், அப்படிப்பட்ட வீடுகள் இருக்கின்றன. "என்னா, சண்டையா, இல்ல சோறு போடச் சொல்றாரா?" என்று பக்கத்து வீட்டு நாகலெட்சுமி அக்கா வாசலில் நின்று கேலி செய்வார். என் வீட்டைப் பார்த்து அவர் அப்படிக் கேட்டதே இல்லை.

என் மனைவி பிரேமினியின் காது கெட்டதற்குத் தொழிற்சாலைதான் காரணம் என்று அவளுடைய அண்ணன் முறைப்பாடு கொடுத்திருக்கிறார். அதை விசாரிக்க நீங்கள் வந்திருக்கிறீர்கள். காதுமூடி கொடுக்கவில்லையா என்று கேட்டீர்கள். கொடுத்தார்கள் ஐயா. கதவோரம் ஆணியில் தொங்குகிறது. தர முத்திரைக்காகப் பார்வையிட வருகிறவர்கள் வரும் நாளில் எடுத்து மாட்டுவோம். அவர்கள் வாகனம் ஏறியதும் மறுபடி ஆணிக்குப் போய்விடும். ஆனால் இதில் தோட்டத்தை நடத்தும் பெரிய தொரையைக் குற்றம் சொல்ல முடியாது. பிரேமினிக்கு வேலை தூள் சலிக்கும் அறையில். அங்கே அவ்வளவு இரைச்சல் கிடையாது. ரோலர் அறைக்கு அவளை வரச் சொன்னவன் நான்.

தொழிற்சாலையைப் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களுக்கு அவள்தான் ஆங்கிலத்தில் விளக்கம் சொல்வாள். இங்கிலாந்தில் வயதானவர்களைப் பராமரிக்கும் வேலைக்குப் போக ஆசைப்பட்டாள். அதற்கு மேல்நிலை ஆங்கிலத் தேர்வில் சித்தியடைய வேண்டும். சலிக்கும் அறையில் தேநீர் இடைவேளையில்கூட உதடு அசைத்துக்கொண்டிருப்பாள். நான் உயர்தரப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு இரவு ஷிப்டுக்கு வந்தவன். இந்த மலையை விட்டால் எனக்கு வேறு போக்கிடம் தெரியாது.

"போயி ரெண்டே வருசத்துல ஒங்களையும் எடுத்துக்குவேங்க."

"நான் அங்க வந்து என்னா செய்றது?"

"மொதல்ல வாங்க. அங்க தேயில இல்ல, அது போதாதா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் போனால் திரும்பமாட்டாள் என்பது அந்தச் சிரிப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

முதல் தடவை வாசிப்பு, எழுத்து, பேச்சு மூன்றும் நன்றாக வந்தன. கேட்டலில் கொஞ்சம் குறைந்தது. அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். நான் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

"வீட்ல அமைதியா கேட்டு என்னா பிரயோசனம்? ரோலருக்குப் பக்கத்துல நின்னு கேளு. அந்த எரச்சல்ல வெளங்கிருச்சின்னா எங்கயும் வெளங்கும்."

கொழுந்துக் கூடையோடு மேடு ஏறிப் பழகினால் சமதரை லேசுதானே. அவளுக்கும் நியாயமாகப் பட்டது.

தினமும் காலையில், என் ஷிப்ட் முடியும் நேரத்துக்கு வந்துவிடுவாள். இரண்டு ரோலருக்கு நடுவில், காதுக்குள் சொருகிய இயர்போனை முழுச் சத்தத்தில் வைத்துக்கொண்டு நிற்பாள். ஒருநாள் ஆணியில் தொங்கிய காதுமூடியைக் காட்டி, அதை மாட்டிக்கொள்ளட்டுமா என்று சைகையில் கேட்டாள். வேண்டாம் என்று கையாட்டினேன்.

எனக்கு முன்பு அந்த ரோலரில் நின்று காது போன இராமையா அண்ணன் ஒருமுறை சொன்னார். "மொதல்ல குருவி போகும் தம்பி. பெறகு பொம்பளைக பேச்சு போகும். ரோலர் மட்டும் கடைசி வரைக்கும் கேக்கும்."

அதனால் வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவளிடம் கேட்பேன். "குருவி கத்துதா?"

"என்னங்க, திடீர்னு கவிஞராயிட்டீங்க?" என்பாள். பிறகு நின்று கேட்டு, "ஆமா, கத்துது" என்பாள். அவளுக்கு அது பிடித்திருந்தது.

ஒருநாள் எங்கள் தலைக்கு மேல் மின்கம்பியில் ஒரு கொண்டைக்குருவி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. "இன்னக்கி ஒண்ணையும் காணோமே" என்றாள். அன்றே நிறுத்தியிருக்கலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் ஹட்டனுக்குப் போய், இன்னும் சத்தம் கூடிய இயர்போன் வாங்கி வந்தேன். அவள் அதைப் புதுச்சேலை மாதிரி வாங்கிக்கொண்டாள்.

கடைசித் தேர்வில் நடுவில் கையைத் தூக்கி, ஒலிப்பதிவை இன்னும் போடவில்லையே என்று மேற்பார்வையாளரிடம் சொல்லியிருக்கிறாள். சுற்றியிருந்த எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்களாம். அன்று மாலை அவளே சொன்னாள், கத்திக்கொண்டு. நாகலெட்சுமி அக்கா வாசலுக்கு வந்து எட்டிப்பார்த்தார். கேலி எதுவும் செய்யவில்லை.

காது நரம்பு செத்துவிட்டது, கருவி வைத்தாலும் சத்தம் வரும், சொல் வராது என்று நுவரெலியாவில் டாக்டர் சொல்லிவிட்டார்.

இத்தனை வருடம் ரோலரில் நின்றும் நீங்கள் மெதுவாகக் கேட்கிற கேள்விகூட எனக்கு எப்படிக் கேட்கிறது என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மெழுகில் தோய்த்த பஞ்சை இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டுதான் உள்ளே போவேன். அவள் எனக்கு எதிரில் நின்று படித்த காலைகளிலும் அடைத்திருந்தேன். அவள் என்னைப் பார்க்கும்போதெல்லாம், நன்றாகப் போகிறது என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவேன்.

ஆகவே, தொழிற்சாலை அல்ல, நான்தான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்தே செய்தேன். பஞ்சு விஷயத்தை மட்டும் அவளிடம் சொல்ல வேண்டாம். இப்போது நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம். நான் வாயை நன்றாகத் திறந்து நிதானமாகப் பேசுகிறேன், அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என் முகத்தை இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை.