இப்ப நல்லாத்தான் இருக்கா

மீனா வைக்கும் கொள்ளு ரசம் மாதிரி குத்துக்கல்வலசையில் வேறு யாருக்கும் வராது. பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் எனக்கு அது நாள் தவறாமல் வந்துவிடும். என் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள்; மகன் பெங்களூரில். காலையில் எனக்குச் சர்க்கரை ஊசி போட்டுவிடுவதும் மீனாதான்.

பதிலுக்கு நானும் குறை வைத்ததில்லை. அவர்கள் வெளியூர் போனால் செடிக்குத் தண்ணீர் விடுவேன், கொரியர் வாங்கி வைப்பேன். அவள் அம்மா சண்முகசுந்தரிக்கு என்னைக் கேட்காமல் எதுவும் ஓடாது.

பெண்ணைப் பற்றி விசாரிக்க வருகிறவர்களும் என்னிடம்தான் வருவார்கள். சீசன் வந்தால் கூட்டம் அதிகம். குற்றாலத்தில் குளித்த கையோடு ஒரு மருமகளையும் பார்த்துவிட்டுப் போகலாமென்று ஈரத் தலையோடு வந்து நிற்பார்கள். நான் யாரைப் பற்றியும் அவதூறு பேசுகிறவன் இல்லை.

"தங்கமான பிள்ளை. இப்ப நல்லாத்தான் இருக்கா" என்பேன்.

"இப்பன்னா? முன்னால என்ன அண்ணாச்சி?"

"அதெல்லாம் எதுக்கு, விடுங்க. காபி சாப்பிடுதியளா?"

காபி குடிக்க உட்கார்ந்தவர்கள் குறைவு.

விஜயசங்கர் விஷயத்தில்தான் கொஞ்சம் சங்கடம். செங்கோட்டைப் பையன். மீனாவுக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்கு ஊசி போடும்போதே பாட்டு முணுமுணுத்தாள். அவள் போய்விட்டால் என் கதி? மண்டபமெல்லாம் பேசியான பிறகு, ஒப்புக்கு விசாரிக்க அவன் தாய்மாமன் வந்தார். வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னேன். மறுநாள் போனிலேயே வேண்டாமென்றுவிட்டார்கள்.

"எனக்கு ஏதோ பழைய நோவாம். மறைச்சிட்டோமாம். யாரு மாமா இப்படிச் சொல்லியிருப்பா?" என்று மீனா என்னிடமே வந்து அழுதாள்.

"ஊருன்னா நாலு பேரு நாலு விதமாத்தான் பேசுவாவ" என்று தேற்றினேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகு அவள் தூங்கவில்லை. சாப்பாட்டைத் தள்ளிவிட்டாள். சுவரைப் பார்த்துத் தனக்குத்தானே பேச ஆரம்பித்தாள். திருநெல்வேலியில் மனநல டாக்டரிடம் கூட்டிப்போனதும், டோக்கன் போட்டுக் காத்திருந்ததும் நான்தான். மாத்திரையில் தேறிவிட்டாள். ரசமும் பழையபடி வருகிறது. உப்புதான் முன்னே பின்னே இருக்கிறது.

போன வாரம் சுரண்டையிலிருந்து ஒரு குடும்பம் விசாரிக்க வந்தது. அதே பதிலைத்தான் சொன்னேன். என்ன தேடினாலும் அதில் ஒரு பொய் கிடைக்காது. முன்பு சொன்னதும் பொய் இல்லை. கொஞ்சம் முந்திச் சொல்லிவிட்டேன்.