ஐஸ் முதலில் யாருக்கு?

தில்லை நகரில் நாய் டாக்டர் வாசலில் காத்திருந்தேன். தெருநாயோடு சண்டை போட்டுக் கன்னம் வீங்கிய என் ராஜா, ஐஸ் சுற்றிய துண்டைக் கிட்டே கொண்டுபோனாலே உறுமினான். அவன் உறுமியது கொஞ்சம். நான் பின்வாங்கியது நிறைய.

பக்கத்தில், மடியில் கன்னம் வீங்கிய நாயோடு ஒரு தம்பதி.

“ஏங்க, வீக்கம் மணிக்கு. ஐஸ் எதுக்கு உங்க கன்னத்துல?” என்றார் அந்த அம்மா.

“நான் வச்சுக் காட்டினாத்தான் அது வைக்க விடுது.”

“அதுக்கு வீக்கம் பாதி வத்திருச்சு. உங்களுக்குத்தான் சளி பிடிச்சிருக்கு. டாக்டர்கிட்ட இப்ப யாரைக் காட்டுறது?”

“மணியைக் காட்டு. எனக்கு மிளகு ரசம் வை.”

அவர் தும்மினார். மணி வாலாட்டியது.

நான் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, துண்டை என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். ராஜா உறுமலை நிறுத்தினான். என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வீங்கிய கன்னத்தை நீட்டினான்.