ஏரில் பூட்டிய தாய்

தோர்ண்டன் ஹீத்தில் பஸ் ஏறி உட்கார்ந்தேன். முன் இருக்கையில் இரண்டு தமிழ்ப் பெண்கள். இளையவர் சொன்னதைக் கேட்டதும் கையிலிருந்த போன் எனக்கு மறந்துபோனது.

“தாயைத்தான் ஏரில பூட்டினவையாம், அக்கா.”

மூத்தவர் மடியில் மரக்கறிப் பையோடு திரும்பினார். “ஆரின்ர தாயை?”

“எங்கட பக்கத்து வீட்டு உக்ரைன் கிழவியின்ர தாயை. பேத்திதான் இங்கிலீசில சொன்னவள். ரெண்டாம் உலக யுத்தம் முடிஞ்ச நேரம் ஊரில குதிரையும் இல்லை, ஆம்பிளையளும் இல்லையாம். வீட்டில ஒரு பசுதான் மிச்சமாம்.”

“அப்ப பசுவைப் பூட்டியிருக்கலாமே?”

“பூட்டினா பால் வத்திப்போகுமாம். பிள்ளையளுக்கு அந்தப் பால்தான் சாப்பாடு. அதால தாயும் அயலில இருந்த பொம்பிளையளும் கயிற்றைத் தோளில போட்டு இழுத்தவையாம். அப்ப பத்து வயசுப் பிள்ளையா இருந்த கிழவி, தாயின்ர முதுகைப் பாத்துக்கொண்டு பின்னால கலப்பையைப் பிடிச்சவவாம்.”

“அந்த வயல் இப்பவும் இருக்கோ?”

“இருக்காம். இப்ப அங்க நடக்கிற சண்டையில முழுக்கக் கண்ணிவெடி. ஒருத்தரும் கால் வைக்கேலாதாம்.”

அடுத்த தரிப்பிடம் வரும்வரை மூத்தவர் பையின் வாயை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

“வன்னியில எங்கட வயலில வெடியெல்லாம் எடுத்துப்போட்டினம்,” என்றார். “இப்ப உழத்தான் ஒருத்தரும் இல்லை.”