வழி விட்டவள்

— ஏய் எழிலு, மறுபடியும் சொல்றேன், நல்லாக் கேட்டுக்க. நான் "லெஃப்ட்"டுன்னு கத்துனேன். நீ பயந்துபோய் லெஃப்ட் பக்கமே வண்டிய இழுத்துட்ட. ரேஸ் நடத்துற பெருமாளண்ணன் வந்து கேட்டா இவ்ளோதான் சொல்லணும். புரியுதா?

— நான் இழுக்கல மாமா. என் கோட்டுலயே நேராத்தான் போய்க்கினு இருந்தேன்.

— நேரா! மாட்டு வண்டி கூடத்தான் நேராப் போவுது. நீ போன வேகத்துக்கு ஒரு அண்டா பிரியாணிய தலையில வெச்சுக்கினு போயிருக்கலாம். ஒரு பருக்கை சிந்தியிருக்காது.

— வேகம் கம்மிதான். ஜாஸ்தின்னு நான் எப்ப சொன்னேன்? ஆனா லைன் மாறல. நீலக் கொடி காட்டுனாங்க, பாத்தேன். பின்னாடி வேகமான வண்டி வருதுன்னு அர்த்தம். மெதுவாப் போறவ திரும்பிப் பாக்கக்கூடாது, திடீர்னு ஒதுங்கக்கூடாது, போற கோட்டுலயே போவணும். தாண்டுறவங்கதான் எந்தப் பக்கமா வர்றோம்னு கத்திட்டு அந்தப் பக்கமா வரணும். காலையில கூட்டத்துல பெருமாளண்ணன் இதத்தானே சொன்னாரு.

— எனக்கே பாடமா? பதினாறு வயசுல இருந்து மண்ணுல வண்டி ஓட்டுறவன்டி நான். நீ ஷூ கம்பெனியில மேல்தோல் தெச்சுக்கினு, ராத்திரி பக்கத்துல வந்து படுத்தா பசை நாத்தம் அடிக்கிறவ. எங்க கூடவே ஓடுற பொம்பளைங்க பிரிவுல ஒரு பேரு கொறையுதுன்னு உன் பேரக் குடுத்தேன். தல எண்ணிக்கைக்கு வந்தவ நீ.

— தெரியும் மாமா. அத நீங்கதான் எல்லாரு முன்னாடியும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சீங்களே.

— சிரிக்காம? எம்பொண்டாட்டிய ஒரே ரேசுல நாலு வாட்டி தாண்டுனேன்னு சொன்னா எவன்தான் சிரிக்க மாட்டான்?

— சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன். ஆனா அதுக்குள்ள எனக்குப் புடிச்சிப்போச்சு. மேட்டுல ஏறினதும் ரெண்டு சக்கரமும் தரைய விட்டு எழும்புது பாருங்க, அந்த நேரத்துல உங்கம்மா கூப்புட முடியாது, கம்பெனி சூப்பர்வைசர் கூப்புட முடியாது. நான் மட்டும்தான்.

— ஐயோ, சாமி. வத்துன ஏரி மண்ணுல ரெண்டு சாண் எழும்புனதுக்கு இவ்ளோ கதை. ஒழுங்காக் கேளு. புனேல இருந்து ரேஸ் டீம்காரனுங்க ரெண்டு பேரு வந்திருந்தானுங்க இல்ல? எதுக்கு வந்தானுங்க? என்னப் பாக்க. நான் ரூல மீறிட்டேன்னு பெருமாளு எழுதிட்டா, ஜெயிச்சதும் போச்சு, டீமும் போச்சு. காலம் பூரா பைபாஸ் ஓரத்துல கடை போட்டுக்கினு தோல் டேனரி ஆளுங்க டிவிஎஸ்ஸுக்கு பஞ்சர் ஒட்டச் சொல்றியா?

— நான் ஒண்ணியும் சொல்லல.

— நீ லைன் மாறுனன்னு சொன்னா உனக்கு இன்னா போவுது? ஒரு வருஷம் ஓட்டக்கூடாதுன்னுவாங்க. நீ ஓட்டலன்னு எந்த ஊரு அழுவப்போவுது?

— திருப்பத்தூருல அடுத்த மாசம் ரேஸ் இருக்குது மாமா. கூட ஓட்டுற ஷர்மிளாவும் நானும் சேந்து பேரு குடுத்திருக்கோம். நானே குடுத்தேன். யாரும் தல எண்ணிக்கைக்குன்னு குடுக்கல.

— ஓ! எனக்குத் தெரியாம?

— சொல்லலாம்னுதான் இருந்தேன்.

— கழுத்துல இந்தப் பட்டைய மாட்டிட்டுப் போய்ட்டானுங்க, இல்லன்னா இப்பவே எழுந்து ஒண்ணு விட்டிருப்பேன். ஃபேனத் தவிர ஒண்ணியும் தெரியல எனக்கு. எங்கடி உக்காந்திருக்க?

— கால்மாட்டுல.

— அங்கயே கெட. மூஞ்சியப் பாத்தா இன்னும் பேஜாராவும்.

— மாமா, ஒண்ணு கேக்கவா? அந்த மேட்டுகிட்ட வழி குறுகல். ரெண்டு வண்டி பக்கத்துல பக்கத்துல போவாது. அத்தத் தாண்டினா வேப்பமரத்துகிட்ட எவ்ளோ அகலம் கெடக்குது. அங்க என்ன அலுங்காமத் தாண்டியிருக்கலாம். உங்களுக்கு முன்னாடியும் யாரும் இல்ல, பின்னாடியும் கிட்டத்துல யாரும் இல்ல. இன்னாத்துக்கு அவசரம்?

— புனேக்காரனுங்க எங்க நின்னுக்கினு இருந்தானுங்க?

— மேட்டுக்கு எதுர்ல.

— அப்பறம்? வேப்பமரத்துகிட்ட அகலமா எடம் பாத்து, "கொஞ்சம் ஒதுங்கும்மா தாயி"ன்னு தாண்டுனா அவனுங்க என்னப் புனேக்குக் கூட்டிக்கினு போவானுங்களா? மேட்டு மேல, காத்துல, உன் தலைக்குப் பக்கத்துல பறந்து தாண்டணும். அத்தப் பாத்தாதான் ஆம்பளைங்க வாயப் பொளப்பானுங்க.

— என் தலைக்குப் பக்கத்துல.

— ஆமாடி.

— லெஃப்ட்டுன்னு கத்துனீங்க. அப்பால ஏன் ரைட்ல வந்தீங்க?

— லெஃப்ட்ல பள்ளம் விழுந்திருந்துச்சு. வந்த வேகத்துல ரைட்ல ஒடிச்சேன். ஆமா, வந்தேன். இப்ப இன்னா? நீ சத்தம் கேட்டு பிரேக் புடிச்சு நின்னுருந்தா நான் பாட்டுக்குப் போயிருப்பேன். உன் பின்சக்கரம்தான் என்னத் தூக்கி அடிச்சுது.

— மேட்டுல ஏறும்போது பிரேக் புடிச்சா நான் பின்னாடி உருண்டிருப்பேன்.

— உருளட்டுமே! உருண்டா இன்னா கொறைஞ்சு போயிருப்ப? போன வாரம் பிராக்டிஸ்ல கல்லு பட்டு தாவாங்கட்டையில தையல் போட்டப்ப செத்தா போய்ட்ட?

— அது நீங்க வேணும்னே டயரச் சுத்தவிட்டு அடிச்ச கல்லு.

— அப்பத்தான் கத்துக்குவன்னு அடிச்சேன். ஒனக்கு எங்க ஏறுது.

— நீங்க மேட்டுக்கு அந்தாண்ட கரைக் கல்லு மேல விழுந்து கெடந்தீங்க. அடுத்து வர்ற வண்டிக்கு நீங்க கெடக்குறது தெரியாது, நேரா உங்க மேலதான் எறங்கும். நான் வண்டியப் போட்டுட்டு மேட்டு மேல ஓடி நின்னு ரெண்டு கையும் ஆட்டினேன். ராஜேஷ் வண்டி என் இடுப்ப உரசிக்கினு போச்சு. அது தெரியுமா உங்களுக்கு?

— தெரியும். நீ ஆடுன ஆட்டத்துலதான் செவப்புக் கொடி காட்டி ரேசயே நிறுத்திப்புட்டானுங்க. நிறுத்தலன்னா நான் எழுந்து ஓட்டியிருப்பேன்.

— எழுந்திருப்பீங்களா?

— இன்னா கேள்வி இது? இன்னும் ரெண்டே ரவுண்டு. என் தோஸ்துங்க தூக்கி விட்டிருப்பானுங்க. நல்லவேள, நிறுத்துனப்ப முன்னாடி இருந்தவன்தான் ஜெயிச்சவன்னு ரூல் இருக்குது. அதனாலதான் சொல்றேன், நீ மட்டும் வாயத் தொறந்து ஒளறாம இருந்தா கப்பு எனக்கு.

— நான் பொய் சொல்ல மாட்டேன் மாமா.

— இன்னாது?

— மாட்டேன். உங்க துணி தொவைக்கிறேன், உங்கம்மா பேச்சு கேக்குறேன், சம்பளத்த உங்க கையில குடுக்குறேன். இது ஒண்ணு எனக்குன்னு இருக்கட்டும். நான் நேராத்தான் போனேன். அத்த மாத்திச் சொல்ல மாட்டேன்.

— அவ்ளோ தூரம் ஆயிடுச்சா? சரி, நானும் சொல்றேன் கேட்டுக்க. நீ மாத்திச் சொல்லலன்னா, வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா உன் வண்டிய எடைக்குப் போடுவேன். ரெண்டாவது, உன்னக் குடியாத்தத்துக்கு, உங்கம்மா வீட்டுக்கே, பஸ் ஏத்தி விட்டுருவேன். கல்யாணம் ஆயி இத்தினி வருஷத்துல ஒரு புழு பூச்சி இல்ல. எங்கம்மா எத்தினியோ வாட்டி சொல்லிச்சு, வேற ஒருத்தியப் பாருடான்னு. நான்தான் பாவம்னு வெச்சுக்கினு இருக்கேன். இனிமே பாவம் பாக்க மாட்டேன். வேகமா போறவனுக்கு வழி விடத் தெரியாதவள வீட்ல எதுக்கு வெச்சுக்கணும்? புரியுதா?

— …

— புரியுதான்னு கேட்டேன். இன்னா சத்தத்தையே காணோம்? அழுவுறியா?

— இல்ல மாமா.

— அப்பறம் இன்னா பண்ற?

— ஒண்ணும் இல்ல. உங்களுக்கு எங்கெங்க வலிக்குதுன்னு கேக்கலாம்னு.

— தோள்பட்டையில உசுரு போவுது. வேற ஒண்ணியும் இல்ல. சிங்கம்டி நான். நாளைக்கே எழுந்து நடப்பேன் பாரு. அந்த டாக்டரு பையன் ஸ்கேன் எடுத்துட்டு, பெரியவரு வந்து பேசுவாருன்னு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு போறான். பில்லு போட அடி போடுறானுங்க.

— சரி மாமா.

— இன்னா சரி?

— நீங்க சொன்ன மாதிரியே சொல்லிடறேன்.

— இன்னாது, திரும்பச் சொல்லு.

— நான்தான் லெஃப்ட்ல இழுத்துட்டேன்னு சொல்லிடறேன். நீங்க பேசாமப் படுங்க.

— அப்பிடி வா வழிக்கு! குடியாத்தம் பஸ்ஸுன்ன உடனே புத்தி வந்துச்சு பாரு. பொம்பளைங்ககிட்ட இப்பிடித்தான் பேசணும். கெஞ்சினா ஏறி மிதிப்பீங்க.

— நவநீதா, உள்ள வரலாமா? எப்பிடிப்பா இருக்க?

— வாங்க பெருமாளண்ணே. எனக்கு இன்னா, சூப்பரா இருக்கேன். கழுத்தத்தான் திருப்ப முடியல. சத்துவாச்சாரி வீட்ல இருந்து நேரா வர்றீங்களா?

— இல்லப்பா, ஏரியில இருந்தேதான். இன்னும் குளிக்கக்கூட இல்ல. புனேக்காரங்க கெளம்பணும்னு நிக்கிறாங்க. முடிவு சொல்லிட்டாதான் ஆவும். கொடி புடிச்ச ஆளு ஒரே புழுதி, ஒண்ணும் தெரியலன்னுட்டாரு. கூட இருந்தது எழிலரசி ஒருத்திதான். அதுகிட்ட நான் நேராக் கேக்கணும். நீ நடுவுல பேசக்கூடாது.

— நான் வாயே தொறக்க மாட்டேண்ணே. கேளுங்க.

— எழிலரசி, நடந்தது நடந்தபடி சொல்லும்மா. இது உன் புருஷன்னு பாக்காத. மெதுவாப் போறவங்களுக்கு நாங்க காவலு. உங்களத் தாண்டுற பொறுப்பு தாண்டுறவன் தலையில. அவன் எந்தப் பக்கம்னு கத்துனான்?

— லெஃப்ட்டுண்ணே.

— எந்தப் பக்கம் வந்தான்?

— லெஃப்ட்லதான் வந்தாரு.

— நீ?

— நான் பயந்துட்டேண்ணே. திரும்பிப் பாத்தேன். லெஃப்ட் பக்கம் இழுத்துட்டேன்.

— பாரும்மா, உன் வண்டிய இப்பதான் பாத்துட்டு வர்றேன். பின்சக்கரத்துல ரைட் பக்கம்தான் கம்பி ஒடைஞ்சிருக்குது. லெஃப்ட்ல ஒரு கீறல் கூட இல்ல. யாரும் உன்ன மெரட்டினாங்களா? சொல்லு, நான் இருக்கேன். உன்ன நான் நாலு ரேசாப் பாக்குறேன். மெதுவாப் போவ, ஆனா கோடு கிழிச்ச மாதிரி போவ. நீ இழுத்தன்னா என்னால நம்ப…

— அண்ணே, இப்பிடி கால்மாட்டுல வந்து பேசுங்க. அங்க நின்னா மாமாவுக்கு ஃபேன் காத்து மறைக்குது.

— வர்றேன். இன்னாம்மா… இன்னாம்மா இது?

— எழுதிக்கங்கண்ணே. நான்தான் லைன் மாறினேன்.

— நீ எவ்ளோ நேரமா இப்பிடி உக்காந்திருக்க?

— வந்ததுலருந்துண்ணே.

— இன்னாண்ணே கிசுகிசுன்னு பேசிக்கிறீங்க? சத்தமா சொல்லச் சொல்லுங்க. அவ தப்பு அவ வாயாலயே வரட்டும்.

— ஒண்ணும் இல்ல நவநீதா. ஒண்ணும் இல்லப்பா. அது சொல்லிடுச்சு. நான் எழுதிக்கிறேன்.

— அப்ப கப்பு?

— உனக்குத்தான்.

— புனேக்காரனுங்க?

— சொல்றேன்பா. நீ ஜெயிச்சன்னு சொல்றேன்.

— அவளுக்கு ஒரு வருஷம் தடை போடுவீங்க இல்ல? போடுங்கண்ணே, எம்பொண்டாட்டின்னு பாக்காதீங்க. மத்த பொம்பளைங்களுக்கும் பயம் இருக்கட்டும்.

— ரூல்ஸ்னா ரூல்ஸ்தான். போட்டுத்தான் ஆவணும். எழிலரசி, திருப்பத்தூருக்குப் பேரு குடுத்திருந்தியேம்மா.

— எடுத்துடுங்கண்ணே.

— வேற யாராவது வந்தாங்களா? உன் மாமியாரு? டாக்டரு இன்னா சொன்னாரு?

— இன்னும் வரலண்ணே. நீங்க வெளிய போய் அந்த நர்ஸம்மாவ மட்டும் வரச் சொல்லிட்டுப் போங்க. சீக்கிரம்.

— போறேம்மா. நவநீதா, தைரியமா இருப்பா.

— எனக்கு இன்னாத்துக்குண்ணே தைரியம்? புனேக்குப் பொட்டி கட்டுற வேலைதான் பாக்கி. போய்ட்டு வாங்க!

— ஏய், போய்ட்டாரா?

— போய்ட்டாரு மாமா.

— பெருமாளு குரலக் கேட்டியா? ஜெயிச்சவன்கிட்ட பேசும்போது அவருக்கே மரியாதை தன்னால வருது. ஏய், டீம்ல வீடு குடுப்பானுங்களாம். நீயும் வேணா வா, சமைக்க ஆளு வேணும். பின்னாடி உக்கார வெச்சு ஒரு நாள் மேட்டுல ஏத்திக் காட்டுறேன். வண்டின்னா இன்னான்னு தெரியும்.

— சரி மாமா.

— இன்னிக்கு நல்லா நடந்துக்கிட்டடி. இப்பிடி இருந்தா நான் ஏன் கத்தப்போறேன்? போனாப் போவுது, உன் வண்டிய எடைக்குப் போடல. சும்மா உக்காந்திருக்காம அப்பிடியே என் கால கொஞ்சம் அமுக்கி விடு.

— நீங்க பேச ஆரம்பிச்சதுலருந்து அமுக்கிக்கினுதான் இருக்கேன் மாமா.