இரண்டு இன்ச் விதி

— அதெல்லாம் முடியாதுக்கா. எதிரி ரெண்டு இன்ச் பக்கத்துல வந்துட்டா என் ஆள் நகரவே கூடாதா? இது என்ன நியாயம்?

— நிஜப் போர்லயும் அப்படித்தான்டா. ஒருத்தன் கத்தியோட முன்னாடி நிக்கிறான். நீ பாட்டுக்கு முதுகைக் காட்டிட்டு நடந்து போவியா?

— பின்னாடி போகலாம்ல? ஒரே ஒரு இன்ச்?

— கூடாது. நின்ன இடத்துலயே நிக்கணும். அளக்குற டேப்பைக் கீழ வை.

— விரல் உசரப் பொம்மைச் சிப்பாய்க்கு எவ்ளோ சட்டம்! ஆறு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம ஆடுறோம். இந்த மாசம் மட்டும் இது மூணாவது புது விதி. போன வாரம் குதிரைப்படை ஆத்தைத் தாண்டக் கூடாதுன்ன. அதுக்கு முந்தி, காட்டுக்குள்ள போனவன் வெளிய வரக் கூடாதுன்ன.

— ஆட்டம் மெருகேறுதுடா.

— இப்படியே போனா பொம்மையை மேஜையில அடுக்கி வச்சுட்டு, டீயைக் குடிச்சுட்டு எழுந்து போக வேண்டியதுதான்.

— ...அதுவும் நல்லாத்தான் இருக்கும். அசதியா இருக்கு. நேத்து மட்டும் ஏழு பேர். ஒருத்தருக்குக் கடைவாய்ப்பல் வரவே மாட்டேன்னு...

— பல் டாக்டரம்மாவுக்கு அசதி, அதனால என் படைக்குக் கால்விலங்கு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

— வாயை மூடிட்டு ஆடு.

— உன் முறைதான். அந்த வில்லாளியை நகர்த்து. அவன் பக்கத்துல எதிரியே இல்ல. உன் விதிப்படியே போகலாம்.

— வேண்டாம். நிக்கட்டும்.

— அட, கோட்டை திறந்து கிடக்குக்கா! நாலு இன்ச் நகர்ந்தா ஜெயிச்சுடுவ!

— ...நீயே நகர்த்தேன்.

— உன் ஆளை நான் தொட்டா அழுகுணி ஆட்டம். அதுவும் நீ போட்ட விதிதான், முதல் வருஷம்.

— சரி, சரி... தள்ளிக்கோ, நானே நகர்த்துறேன்.

— மெதுவா...

— ...ஐயோ.

— பரவால்ல, பரவால்ல! நாலு பேர்தான் விழுந்தாங்க. என் சட்டைக் கை பட்டுடுச்சு. இரு, தூக்கி வைக்கிறேன்.

— போன வாரமும் உன் சட்டைக் கைதான்.

— ஆமா, தொளதொளன்னு தைச்சுட்டான் டெய்லர்.

— அதுக்கு முந்தின வாரமும்.

— அதான் சொல்றேனே, அந்த டெய்லர்...

— டேய்.

— என்ன?

— நீ அரைக்கைச் சட்டை போட்டிருக்க. போன வாரமும் அரைக்கைதான்.

— ...சரி.

— எப்பலேர்ந்து தெரியும்?

— அட்டைப் பாலத்துல நின்ன முரசுக்காரன் விழுந்தான்ல, அன்னிக்கு. டீ தளும்பாம இருக்க டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிச்சுக் குடிச்ச.

— ஏன்டா கேக்கல?

— கேட்டா சொல்லியிருப்பியா?

— மாட்டேன்.

— அதான். நீ விதி மேல விதியா போட்ட. நானும் சண்டை போட்டுட்டே இருந்தேன்... டாக்டரைப் பார்த்தியா?

— பார்த்தேன். மாத்திரை குடுத்திருக்காங்க. பார்க்கலாம்னாங்க.

— அக்கா... கோவிச்சுக்காத. இந்தக் கையோட ஊசியை எடுத்துட்டு அடுத்தவங்க வாயில... நேத்து ஏழு பேர்னியே. ஒருத்தருக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா? நாளைக்கு யார் யார் வராங்கன்னு சொல்லு. நானே போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடறேன். நீ பேசவே வேண்டாம்.

— போனெல்லாம் பண்ண வேண்டாம்.

— பிடிவாதம் பிடிக்காதக்கா...

— யாரும் வரலடா. நேத்தும் யாரும் வரல. கிளினிக்ல அந்த நாற்காலிக்கு உறை போட்டு மூடி நாப்பது நாளாச்சு. காலையில போறேன், கதவைச் சாத்திக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் அதுக்கு எதிர்ல உக்காந்திருக்கேன்... அதுக்கே இவ்ளோ அசதியா இருக்கு.