பதினோராவது வரி

"நேரா என் கம்ப்யூட்டருக்கே வந்தா என்னண்ணா குறைஞ்சுபோகும்?"

"வாசக்கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவியா? வெளியிலேருந்து யார் எது கேட்டாலும் மொதல்ல இந்த ரிவர்ஸ் பிராக்ஸிகிட்டதான் வரும். அது உள்ள உன்கிட்ட வாங்கி வெளிய குடுக்கும். வர்றவங்களுக்கு உன்கிட்டயே பேசுற மாதிரி இருக்கும்."

"மாமியார் மாதிரின்னு சொல்லு."

"மாமியாராவது நடுவுல கண்ணசருவா."

என் தங்கை துணிப்பொம்மை தைத்து இணையத்தில் விற்பவள். ஆறு வருடம் முன்பு அவளுக்கு அந்த பிராக்ஸியை அமைத்துக் கொடுத்தவன் நான். பெரிய வித்தையில்லை. பொம்மைப் படம் கேட்டால் இந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்கு அனுப்பு, ஆர்டர் என்றால் அந்தப் பெட்டிக்கு அனுப்பு என்று பத்து வரி. நான் சொல்ல வந்தது பதினோராவது வரியைப் பற்றி.

ஒரு கப்பல் இன்ஜினியர் தன் அண்ணன் மகளுக்குப் பொம்மை வாங்க வந்தார். பிறகு அதே பொம்மையைப் பழுது பார்க்க மூன்று முறை வந்தார். குழந்தைகள் அத்தனை வேகமாகப் பொம்மையைக் கிழிப்பதில்லை. "உங்க கடை வெப்சைட்டுல எழுதறேன்" என்று சொல்லிக் கப்பலேறினார். நம்பர்கூட வாங்கிக்கொள்ளாத அப்பாவிகள் இருவரும்.

முதல் கடிதத்தை நான்தான் பார்த்தேன். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டிருந்தார். ஒரே ஒரு எழுத்துப்பிழை. அன்றே பதினோராவது வரியை எழுதினேன். கடிதங்கள் மட்டும் என் பெட்டிக்கு வரும்.

பதில் போடாமல் விடுவது பண்பல்ல. அவள் பெயரில், கல்யாணம் ஆகிவிட்டது என்று எழுதினேன். அவர் வாழ்த்தினார். அடுத்த வருடம் நலம் விசாரித்தார். இரட்டைக் குழந்தைகள் கொடுத்தேன். கஞ்சத்தனம் என் குணமில்லை. பெண்ணுக்குப் பாட்டு வரும், பையனுக்கு ஓயாத சளி.

தினமும் மாலையில் தங்கை கேட்பாள்: "எனக்கு ஏதாவது வந்திருக்காண்ணா?"

"ஆர்டர்தான்மா."

பொய்யில்லை. ஆர்டரும் வந்தது. அவள் ஊசியில் நூலைக் கோர்த்துக்கொள்வாள்.

கடலில் அலைகிறவனை நம்பி அவள் கண் கலங்கக் கூடாது. அவ்வளவுதான் என் எண்ணம். அப்பா அம்மா போன பிறகு அவளுக்கு நான்தானே எல்லாம்? அவளுக்காக நானும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் பார்க்கப் போன இரண்டு வீட்டிலும் வேண்டாம் என்றது வேறு விஷயம்.

போன வாரம் பிராக்ஸி இருந்த பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. புதியதில் நினைவிலிருந்து எழுதினேன். பத்து வரியும் வந்தன, பதினோராவது மறந்துபோயிற்று. கடிதம் நேராக அவளிடம் போய்விட்டது.

போனோடு என் முன்னால் வந்து நின்றாள். கத்தவில்லை.

"இரட்டையருக்குப் பிறந்தநாள் வாழ்த்தாம். சளி சரியாயிடுச்சான்னு கேக்கறாரு. யாருக்குண்ணா சளி?"

உங்களிடம் சொன்னதையெல்லாம் அவளிடமும் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். பிறகு உள்ளே போய்த் துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கினாள். தையல் மெஷினுக்கு உறை போட்டாள். வியாழக்கிழமை அவர் கப்பல் கரைக்கு வருகிறதாம், பதில் போட்டுவிட்டாளாம்.

"எல்லாம் உன் நல்லதுக்குத்தாம்மா" என்றேன்.

"யாரு நல்லதுக்கு?" என்றாள், பெட்டியைப் பூட்டிக்கொண்டே.

நல்ல விளக்கம் ஒன்று தயாராகத்தான் இருந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"போகாதடி. எனக்குத் தனியா இருக்கப் பயமா இருக்கு."